பல்லியத்தில் ஒரு குழல்

விருதுநகரின் அண்டையூராகிய சூலக்கரை கரிசல் நிலத்தின் நடுவே அமைந்தது. ஆற்று வளமோ அடர்ந்த மரச்சோலையோ அதற்கு இல்லை. எனினும், குழலின் ஓசை அந்நிலத்து மக்களுக்குப் புதிதன்று. பங்குனித் திங்களில் விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் கோயிலில் பொங்கல் விழா நிகழும். ஆடித் திங்களில் சாத்தூரை அடுத்த இருக்கன்குடிக்கு மக்கள் திரள் திரளாகச் செல்வர். இத்தகைய விழாக்களில் தெருமுனையில் திருவுலா தோன்றுமுன்னரே நாயனத்தின் ஒலி செவிக்கு எட்டிவிடும். அவ்வொலியைக் கேட்போர் பெரும்பாலும் முன்னின்று வாசிப்பவரையே நோக்குவர். அவர் அருகில் நின்று துணை வாசிப்பவரும், ஒரே சுரத்தை இடையறாது ஊதும் ஒத்துக்காரரும், தவிலும் தாளமும் முழக்குவோரும் உடன் சேர்ந்தே அவ்விசை பிறக்கின்றது என்பது பலர் நினைவில் தங்குவதில்லை.

பல கருவிகள் கூடி ஓரிசையாக ஒலிப்பதைப் பண்டைத் தமிழர் பல்லியம் என்றனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கில் கருவிகள் எவ்வாறு ஒன்றையொன்று தொடர்ந்தன என்பதை முறையாகக் காட்டுகின்றது. அங்கே முதலில் நிற்பது குழல். குழலின் வழியே யாழ் செல்கின்றது. யாழைத் தண்ணுமையும் தண்ணுமையை முழவும் பின்பற்றுகின்றன. ஆடலாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் இலக்கணம் வகுத்தது போலவே குழலோனுக்கும் இளங்கோவடிகள் இலக்கணம் வகுத்துள்ளார். ஊதத் தெரிந்தவர் எல்லாரும் பல்லியத்தில் அமரத் தக்கவர் அல்லர் என்பது அக்காலத்திலேயே தெளிவாக இருந்தது.

அந்நூலுக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் குழல் செய்யும் பொருள்களையும் கூறுகின்றார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தும் அவர் கூறுவன. முதிர்ச்சியும் இளமையும் மிகாத நல்ல மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, ஓராண்டு கழிந்த பின்னரே குழல் செய்தல் வேண்டும் என்பது அவ்வுரை தரும் செய்தி. இக்காலத்தில் மேனாட்டுக் கிளாரினெட்டும் ஓபோவும் ஆப்பிரிக்காவில் வளரும் கரிய வன்மரத்தால் செய்யப்படுகின்றன. அம்மரத்தையும் நெடுங்காலம் உலரவிட்ட பின்னரே கடைகின்றனர். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர் பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் ஆச்சாமரத்தைத் தேடிக் கொள்வதும் இக்காரணம் பற்றியே. அவ்வூர் நாகசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ஆர்க்கெஸ்ட்ரா என மேனாட்டார் வழங்கும் பல்லியத்தில் நரம்புக் கருவிகளே எண்ணிக்கையில் மிகுதி. வயலின் மட்டுமே இருபதுக்கு மேல் இருத்தல் கூடும். மரக்குழல் வகையைச் சேர்ந்தவை புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் என நான்கு. இவற்றுள் புல்லாங்குழல் இப்போது பெரும்பாலும் வெள்ளி போன்ற உலோகத்தால் ஆவது. ஆயினும் பழைய பெயரை ஒட்டி மரக்குழல் வகையிலேயே எண்ணப்படுகின்றது. ஒவ்வொன்றிலும் வழக்கமாக இருவரே அமர்வர். வயலின் வாசிப்போர் பலர் ஒரே பங்கை வாசிப்பதால், அவருள் ஒருவர் தவறினாலும் அது கூட்டத்தில் மறைந்துவிடும். குழல் வாசிப்பவருக்கு அந்த மறைவிடம் இல்லை. அவர் பங்கு அவர் ஒருவருக்கே உரியது.

இசை தொடங்குமுன் கருவிகளைச் சுருதி கூட்டும்போது ஓபோ முதலில் ஒலிக்கும். ஏனைய கருவிகள் அதனைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளும். அச்சுரம் நொடிக்கு 440 அதிர்வுகள் உடையது. 1939இல் இலண்டனில் கூடிய மாநாடு இவ்வளவை வகுத்தது. குழலை முதலில் நிறுத்திய இளங்கோவடிகளின் முறையும் இதுவும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்திருத்தல் வியப்பிற்குரியது.

ஓபோவுக்கும் நாகசுரத்திற்கும் உள்ள உறவு இன்னும் நெருங்கியது. இரண்டும் இரட்டை நாணலால் ஒலிப்பவை. நாகசுரத்தில் அதனைச் சீவாளி என்பர். காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்னும் நாணலை வெட்டி, காயவைத்து, பதப்படுத்தி, மடித்துக் கட்டிச் சீவாளி செய்கின்றனர். திருவாவடுதுறை இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஓபோ, பசூன் ஆகியவற்றின் நாணல் பிரான்சு நாட்டின் தென்கரையிலிருந்து பெரும்பாலும் வருகின்றது. கிளாரினெட்டில் ஒற்றை நாணல் தகடு உண்டு. புல்லாங்குழலுக்கு நாணலே இல்லை. வாசிப்பவரின் உதடே அதன் நாணல்.

கிளாரினெட் தமிழ்நாட்டிற்கு ஐரோப்பியப் பாண்டு வாத்தியக் குழுக்களோடு வந்தது. தஞ்சையில் அது சதிராட்டத்திற்குரிய சின்ன மேளத்தில் இடம் பெற்றது. பின்னர்க் கருநாடக இசைக்கச்சேரியின் முதன்மைக் கருவியாகவும் அதனை உயர்த்தியவர் ஏ. கே. சி. நடராசன், அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இயற்றிய சிம்பொனி 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. ஆதலின், மேனாட்டுப் பல்லியம் தமிழர்க்குத் தொலைவில் உள்ள ஒன்று என இனிச் சொல்வதற்கில்லை.

இசையைத் தொழிலாகக் கொள்ளாது விருப்பத்தால் மட்டும் பயில்வோரை அமெச்சூர் என்பர். இது பிரெஞ்சுச் சொல். அன்பு கொண்டவர் என்பது இதன் பொருள். ‘அரைகுறை’ என்னும் பொருளில் இச்சொல்லை வழங்குவது பிற்கால வழக்கு. பகலெல்லாம் அச்சகத்திலோ, பருத்தி ஆலையிலோ, தீப்பெட்டித் தொழிற்சாலையிலோ, பள்ளியிலோ உழைத்து மாலையில் கருவியை எடுப்பவருக்கு நேரம் குறைவு. துணைக்கு ஆசிரியரும் எப்போதும் அருகிலிரார். ஆகவே, அவர் ஒரு பங்கினை ஆயத்தம் செய்யும் முறை தொழில்முறை இசைஞரின் முறையினும் கூடுதலான ஒழுங்கை வேண்டுவது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். ஷூபர்ட் என்னும் ஆஸ்திரிய இசைப்புலவர் 1822இல் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாது விட்ட சிம்பொனி ஒன்று உண்டு. அதன் முதற்பகுதியில் தாழ்குரல் நரம்புக் கருவிகள் மட்டும் எட்டு ஆவர்த்தம் மெல்ல ஒலிக்கும். அடுத்த நான்கு ஆவர்த்தம் வயலின்கள் அமைதியற்ற ஒரு நடையைத் தொடங்கும். பதின்மூன்றாம் ஆவர்த்தத்தில் ஓபோவும் கிளாரினெட்டும் சேர்ந்து, ஒரே பாட்டை ஒரே சுரத்தானத்தில், மிக மென்மையாக எடுக்கின்றன. கேட்பவருக்கு ஓபோவும் தோன்றாது, கிளாரினெட்டும் தோன்றாது, இரண்டும் கலந்த மூன்றாவது குரல் ஒன்றே கேட்கும். சுருதி சிறிது பிசகினாலோ அக்கலவை பிரிந்து, இருவர் பூசலிடுவது போல் ஆகிவிடும்.

இக்கிளாரினெட் பங்கினை விருதுநகர்ப் பகுதியில் உள்ள ஒருவர் வாசிக்க விரும்புவதாகக் கொள்வோம். முதலில் அவர் எதிர்ப்படுவது ஏட்டுச் சிக்கல். கிளாரினெட்டுகள் பல அளவின. பரவலாகக் கிடைப்பது பி பிளாட் என்னும் அளவு. அதில் ஏட்டிலுள்ள சுரத்தை வாசித்தால், எழுதியதினும் ஒரு முழுச்சுரம் தாழ்ந்தே ஒலி எழும். ஷூபர்ட் இப்பங்கை ஏ என்னும் அளவுடைய கிளாரினெட்டுக்கு எழுதினார். அதில் ஒலி ஒன்றரைச் சுரம் தாழும். தொழில்முறை இசைஞர் இரண்டு கருவிகளையும் வைத்திருப்பர். அமெச்சூரிடம் இருப்பது ஒன்றே. எனவே அவர் ஏட்டிலுள்ள ஒவ்வொரு சுரத்தையும் அரைச்சுரம் தாழ்த்தி மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும். நம் பாடகர் கட்டை மாற்றிப் பாடுவது போன்றதே இது. ஆனால், பாடகருக்குத் தொண்டை ஒன்றே, குழலுக்கோ விரலடைப்பு முழுதும் மாறிவிடும். ஒரே ஒரு குறி நின்ற தொடக்கத்தில் நான்கு குறிகள் வந்து நிற்கும். எளிதாக இருந்த விரல்நடை கடினமாகும். அச்சிட்ட பிரதி கிடைத்தாலும் கையால் ஒருமுறை எழுதுவதே நன்று. எழுதும் கை பாட்டின் பாதியைக் கற்றுவிடும்.

அடுத்தது அறியாமைச் சிக்கல். இசை நடத்துநரிடம் எல்லாக் கருவிகளின் சுரங்களும் அடங்கிய முழு ஏடு இருக்கும். வாசிப்பவர் கையில் இருப்பதோ அவர் பங்கு மட்டும். அதில் பன்னிரண்டு ஆவர்த்த மௌனம் என்பது ஒரு கோடும் ‘12’ என்னும் எண்ணுமாகவே காணப்படும். அந்த மௌனத்தில் யார் வாசிக்கின்றனர், என்ன வாசிக்கின்றனர் என்பதை ஏடு சொல்லாது. ஆகவே முழு ஏட்டைப் பார்த்தோ, நல்ல ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டோ, ‘எட்டு வரை தாழ்நரம்பு, பின் வயலின்’ எனப் பென்சிலால் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பேனாவால் எழுதலாகாது, நடத்துநரின் கருத்து ஒத்திகைதோறும் மாறும்.

மௌனத்தை எண்ணுதல் புதியவருக்கு எளிதெனத் தோன்றும். ஆவர்த்தத்திற்கு மூன்று அடி வீதம் பன்னிரண்டு ஆவர்த்தத்திற்கு 36 அடிகள். அரை நிமிடமும் ஆகாது. ஆனால், சுற்றிலும் இசை எழும்போது மனம் அதில் தோய்ந்து எண்ணிக்கையை விட்டுவிடும். ஓரடி முன்னதாக நுழைந்தவர் பல்லியத்தின் மென்மையான அமைதியைத் தனியொருவராகக் கிழித்தவர் ஆவர். நம் நாட்டு இசை பயின்றவர் தொடையில் தாளம் போட்டு எண்ணுவர். பல்லியத்தில் இரு கைகளும் கருவியைப் பற்றியிருக்கும்; காலால் தட்டினால் அவ்வோசை அவைக்குக் கேட்கும். எனவே காலணிக்குள் விரலை மட்டும் அசைத்து எண்ணுவாரும் உளர். ஒவ்வோர் ஆவர்த்தத்தின் முதலடியையும் ஆவர்த்த எண்ணாகவே கொண்டு, ‘ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று’ என எண்ணுவது பழைய வழக்கம்.

அந்த 36 அடிகளில் கருவியும் வாளா இருப்பதில்லை. ஊதாத குழல் குளிர்ந்து சுருதி இறங்கும்; நாணல் உலரும். ஆகவே, நுழைவதற்குச் சிறிது முன்னர் ஓசையெழாமல் குழலுக்குள் வெதுவெதுப்பான மூச்சை விடுவர். நாணலை நாவால் நனைப்பர்.

கரிசல் நாட்டு வெப்பத்தில் இதற்கு மாறான துன்பமும் உண்டு. காற்றில் ஒலி செல்லும் வேகம் 20 பாகை வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 35 பாகையில் ஏறத்தாழ 352 மீட்டர். வேகம் கூடினால் குழலின் சுருதியும் உயரும். நரம்போ வெப்பத்தில் நீண்டு தளர்ந்து சுருதி தாழும். காலையில் ஒத்து நின்ற வயலினும் குழலும் நண்பகல் ஒத்திகையில் எதிரெதிர்த் திசையில் விலகுவது இதனாலேயே. வயலின்காரர் முறுக்காணியைத் திருகுவர். கிளாரினெட் வாசிப்பவர் குழலின் இணைப்பைச் சற்று வெளியே இழுத்து நீளத்தைக் கூட்டுவர். நாகசுரத்தில் சீவாளி செருகும் கெண்டையை ஏற்றியும் இறக்கியும் சரிசெய்வர். நாணல்களை மூடிய சிறு பேழையில் வைத்துக் காத்தல் வேண்டும். ஒன்றையே நம்பாமல் மூன்று நான்கை மாறி மாறிப் பழக்குதல் அறிவுடைமை. நாகசுரத்தில் மாற்றுச் சீவாளிகள் நூலில் கோத்துத் தொங்குவதைக் கண்டோர் இதனை அறிவர். பட்டாசுத் தொழிலில் உள்ளோர் கையும் வாயும் நன்கு கழுவாமல் நாணலைத் தொடுதல் கூடாது. மருந்துத் தூள் நாவிற்கு ஏற்ற பொருளன்று.

இவையெல்லாம் கருவியைப் பற்றியன. பழக்கத்தைப் பற்றிய இடர் ஒன்று உண்டு. அதுவே தமிழ்நாட்டுக் குழலிசைஞருக்குப் பெரிது. நம் இசையில் சுரம் அசைந்து நிற்பதே அழகு. கமகம் இல்லாத தோடியைத் தோடி என்று யாரும் கொள்ளார். பல்லியத்திலோ, ஓபோவோடு கூடி நிற்கும் சுரம் கல்லில் ஊன்றிய கம்பம் போல் அசையாது நிற்றல் வேண்டும். நாயனத்தில் பழகிய உதடு தன்னையறியாமலே சுரத்தை வளைக்கப் பார்க்கும். இதனைத் திருத்துதற்கு ஒரே வழி, ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் மெல்ல முடித்து, சுருதிப்பெட்டியின் துணையுடன் நாள்தோறும் பழகுதலே. நம் பயிற்சி இங்கே முற்றும் பயனற்றுப் போவதுமில்லை. சுருதியின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அறியும் செவி அதனால் முன்னரே வாய்த்திருக்கின்றது. வளைக்கத் தெரிந்த உதட்டிற்கு நிறுத்தவும் தெரியும். பணிக்க வேண்டுவதே குறை.

மூச்சினை எங்கே வாங்குவது என்பதை முன்னரே முடிவு செய்து ஏட்டில் குறித்தல் வேண்டும். கிளாரினெட்டும் ஓபோவும் ஒரே பாட்டை வாசிக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். இருவரும் பேசி இடம் மாற்றிக்கொள்வது உண்டு. ஓபோவின் நாணல் வாய் மிகச் சிறியது. உள்ளிழுத்த காற்று முழுதும் செலவாகாமல் நெஞ்சில் தேங்கும். எனவே அதனை வாசிப்பவர் மூச்சு வாங்குமுன் பழைய காற்றை வெளிவிட வேண்டும். புல்லாங்குழலுக்கு இதற்கு நேர்மாறாகக் காற்று விரைந்து செலவாகும்.

பயிற்சிக்கு நாள்தோறும் நாற்பது நிமிடம் கிடைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் வாசித்து ஏனைய நாள் கருவியைத் தொடாதவர் உதட்டுத் தசையை வருத்துவாரேயன்றி வளர்க்கமாட்டார். முதலிலிருந்து முடிவுவரை மீண்டும் மீண்டும் வாசிப்பதும் வீண். தெரிந்த இடம் மேலும் தெரியும். தெரியாத இடம் தெரியாமலே நிற்கும். கடினமான நான்கு ஆவர்த்தத்தைத் தனியே எடுத்து, தாளமானியின் துணையால் பாதி வேகத்தில் பிழையற வாசித்து, நாளுக்குச் சிறிதாக வேகத்தைக் கூட்டுவதே நன்முறை.

துணைப் பங்கு வாசித்தல் தாழ்வு என எண்ணுவோர் உண்டு. காருகுறிச்சி அருணாசலத்தின் வாழ்வு அவ்வெண்ணத்திற்கு மறுமொழி தரும். 1921இல் பிறந்த அவர், நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையிடம் மாணவரானார். ஆசிரியரின் அருகில் நின்று துணை நாயனம் வாசித்தே அவர் கற்றார். முதல்வர் எந்த நொடியில் எந்தப் பிடியை விடுவார் என்பது துணைவருக்கு முன்கூட்டித் தெரியாது, ஏடும் இல்லை. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இழை அறாமல் ஏந்த வேண்டும். ஏந்தியதை அவர் திரும்பியதும் ஒப்படைத்து ஒதுங்க வேண்டும். இவ்வாறு கேட்டுக் கேட்டு முதிர்ந்தவரின் நாயனமே, 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து தமிழகமெங்கும் ஒலித்தது. சூலக்கரையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் உள்ள கோவில்பட்டியை அவர் தம் ஊராகக் கொண்டிருந்தார். 1964இல் மறைந்தார். அவருடைய சிலை அவ்வூரில் உள்ளது.

அமெச்சூரைக் கண்டு நகைத்த பெரும்புலவரும் உளர். அந்நகையில் அன்பு கலந்திருந்தது. பேத்தோவன் 1808இல் அரங்கேற்றிய ஆறாம் சிம்பொனியில் நாட்டுப்புற மக்கள் கூடி ஆடும் காட்சி ஒன்று வருகின்றது. அங்கே ஓபோ தாளத்திற்குச் சற்றே பிந்தியது போல் தடுமாறி நடக்கும். பசூன் நெடுநேரம் வாளாவிருந்து, திடுமென நினைவு வந்தாற்போலச் சில சுரங்களை மட்டும் ஊதிவிட்டு மீண்டும் அடங்கும். கிராமத்துப் பசூன்காரருக்குத் தெரிந்த சுரங்கள் அவ்வளவே போலும்! அச்சில சுரங்களைச் சரியான அடியில் வாசிப்பதற்கு இன்று பெரும்பயிற்சி பெற்ற இசைஞரும் விழிப்போடு எண்ணிக் காத்திருக்கின்றனர்.

ஒத்திகைக்கு வரும் நாளில் பங்கு முழுதும் கைவசம் இருத்தல் வேண்டும். ஒத்திகை என்பது சுரம் கற்கும் இடமன்று. பிறரைக் கேட்கும் இடம். அங்கே கிளாரினெட் வாசிப்பவர் ஓபோவின் ஒலிக்குள் தம் ஒலியை வைக்கப் பழகுவர். ஓபோவால் தன் சுருதியை மிகுதியாக மாற்ற இயலாது. இணங்க வேண்டியவர் இவரே. ‘இன்னும் மெல்ல’ என்று நடத்துநர் கூறுவர். முன்னரே மெல்ல வாசித்ததாக இவருக்குத் தோன்றும். எனினும் மறுசொல் இன்றிப் பென்சிலை எடுத்து ஏட்டில் குறித்துக்கொள்வர். ஒத்திகை முடிந்ததும் குழலின் பகுதிகளைக் கழற்றி, ஈரம் போகத் துணியை உள்ளே செலுத்தி இழுப்பர். நாணலைத் துடைத்துத் தட்டையாக வைப்பர். வெயில் படும் சன்னலோரத்தில் பெட்டியை வைக்கமாட்டார். அம்மரம் ஒருமுறை வெடித்தால் பழைய ஒலிக்கு மீள்வது அரிது.